ரெஃபரி வேலையை நம்பிச் சோறு சாப்பிட முடியுமா?

கேள்வி: 2 ஆகஸ்ட் 2025, காலை

வயசு 22. பி.காம். முடிச்சாச்சு. காலேஜ் ஃபுட்பால் டீம்ல ரைட் பேக். போன வருஷம் முட்டியில ஏசிஎல்ங்கிற ஜவ்வு போய் ஆபரேஷன். இனிமே ஆடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லல, ஆனா பழைய மாதிரி ஆட முடியாதுன்னு எனக்கே தெரியுது. ரெஃபரி ஆகலாம்னு இருக்கேன். "அதெல்லாம் ஒரு வேலையாடா?"ன்னு அப்பா கேக்குறார். இங்கிலாந்துல ரெஃபரிக்கு மாசச் சம்பளம் இருக்கு. நம்ம ஊர்லயும் இதை மட்டுமே வெச்சுப் பொழைக்கலாம்ங்கிறது என் கட்சி. தப்புன்னா சொல்லுங்க. சென்னையில விசில் ஊதினவங்க யாராவது இருக்கீங்களா?

2 ஆகஸ்ட், இரவு 10.40

தப்பு.

2 ஆகஸ்ட், இரவு 11.15

ஒத்தை வார்த்தையில சொல்லிட்டுப் படுத்துடலாம்னு பாத்தா அதுக்குள்ள மூணு பேர் திட்டியாச்சு. சரி, விளக்கமாவே சொல்றேன்.

1999ல இருந்து 2016 வரைக்கும் ஊதினேன். பகல்ல ஒரு அச்சகத்துல பில் போடுற வேலை. சோறு போட்டது அதுதான். ரெஃபரி காசு ஷூவுக்கும் பெட்ரோலுக்கும் மேட்ச் முடிஞ்சு குடிக்கிற பன்னீர் சோடாவுக்கும் சரியாப் போயிடும். முதல் மேட்ச்சுக்கு எனக்குக் குடுத்தது எழுபத்தஞ்சு ரூபா. அதுல ஒரு அம்பது ரூபா நோட்டு கிழிஞ்சு டேப் ஒட்டியிருந்துச்சு.

இங்கிலாந்துக் கதைக்கு வருவோம். அங்கயே ரெஃபரிங்களுக்கு மாசச் சம்பளம் வந்தது 2001லதான். அங்க பெரிய ரெஃபரியான ஹோவர்டு வெப் அடிப்படையில ஒரு போலீஸ் சார்ஜெண்ட். மொட்டைத்தலை கொலினா, 2002ல யோகோகாமாவுல பிரேசில்-ஜெர்மனி ஃபைனலை ஊதினவர், ஊருக்குப் போனா அடுத்தவங்க பணத்தை எதுல போடலாம்னு ஆலோசனை சொல்ற வேலை. அதே 2002 உலகக் கோப்பையில லைன்ல கொடி பிடிச்சவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர், கோமளீஸ்வரன் சங்கர். இந்தியா உலகக் கோப்பையில ஆடினதே கிடையாது. ஆனா ஒரு இந்தியர் அந்தப் புல்லுல ஓடியிருக்கார்.

அப்பாகிட்ட இதைச் சொல்லு தம்பி. சோறு வேற, இது வேற.

3 ஆகஸ்ட், ஞாயிறு மதியம்

எப்படிச் சேர்றதுன்னு நாலு பேர் கேட்டிருக்கீங்க. மாவட்டச் சங்கம் பயிற்சி வகுப்பு போடுவாங்க. 17 சட்டம். எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை. பாஸ் பண்ணா சின்னப் பசங்க மேட்ச்சுல லைன்ஸ்மேன். அங்கேர்ந்து மாநிலம், தேசியம்னு படி ஏறணும். ஒவ்வொரு படியிலயும் மறுபடி ஓடணும்.

எழுத்துப் பரீட்சையில ஃபெயில் ஆனவனை நான் அதிகம் பாத்ததில்ல. ஓட்டத்துலதான் விழுவாங்க. நான் சேர்ந்தப்போ கூப்பர் டெஸ்ட், 12 நிமிஷத்துல 2,700 மீட்டர். மூச்சைப் பிடிச்சு ஓடிட்டா முடிஞ்சுது. அப்புறம் மாத்திட்டாங்க. இப்போ முதல்ல 40 மீட்டர் ஸ்பிரிண்ட் ஆறு தடவை. ஃபிஃபா அளவுல ஆம்பளைங்களுக்கு ஒவ்வொண்ணும் 6 செகண்டுக்குள்ள. அதுக்கப்புறம்தான் நரகம்: 75 மீட்டரை 15 செகண்டுல ஓடு, 25 மீட்டரை 18 செகண்டுல நட, திரும்ப ஓடு, திரும்ப நட. ஸ்பீக்கர்ல 'பீப்' அடிச்சுக்கிட்டே இருக்கும். இருபது ரவுண்டு.

மே மாசம், நேரு ஸ்டேடியம் டிராக். காலையில ஆறரைக்கே ரப்பர் சூடேறும். பன்னெண்டாவது ரவுண்டுக்கு மேல 'பீப்' காதுல விழாது, முன்னாடி ஓடுறவன் முதுகுல பனியன் எப்படி ஒட்டியிருக்குன்னு பாத்துக்கிட்டே ஓடுவேன். ஒரு வருஷம் எனக்கு முன்னாடி ஓடினவர் அப்படியே வளைஞ்சு டிராக்கை விட்டு வெளியே போய் வாந்தி எடுத்தார். நானும் பின்னாடியே நாலடி போயிட்டேன், பழக்க தோஷத்துல.

முட்டி விஷயம்: நேரா ஓடுறது பிரச்னை இல்ல. ரெஃபரி அப்பப்போ பின்பக்கமா ஓடுவான், லைன்ஸ்மேன் பக்கவாட்டுல ஓடுவான். உன் பிசியோகிட்ட அதைக் கேளு, "ரெஃபரி ஆகலாமா?"ன்னு மொட்டையாக் கேக்காதே.

3 ஆகஸ்ட், இரவு

75ம் 25ம் நூறு. அது நாப்பது தடவை, ஆக 4,000 மீட்டர். 400 மீட்டர் டிராக்குல பத்து ரவுண்டுதான் வரும். சுட்டிக்காட்டின கணக்கு வாத்தியாருக்கு நன்றி. இருபதுன்னு ஞாபகம் வெச்சிருந்தது என் காலு.

(அப்போ "பன்னெண்டாவது ரவுண்டு"ங்கிறதும் பொய்தானேன்னு ஒருத்தர் கேக்குறார். ஆமா சார். வாந்தி நிஜம்.)

5 ஆகஸ்ட்

"யோவ் அம்பயர்!"னு கத்தினா கோவம் வருமான்னு கேட்டவருக்கு: வராது. வட சென்னையில பதினேழு வருஷம் ஊதினவனுக்கு அம்பயர்ங்கிறது மரியாதையான சொல்லு. மத்ததெல்லாம் இங்க எழுத முடியாது.

9 ஆகஸ்ட், சனி

விசில் எது வாங்கலாம்னு தம்பி தனியாக் கேட்டிருந்தான். எல்லாருக்கும் பயன்படும்னு இங்கயே எழுதுறேன்.

உள்ள குண்டு உருளுற பழைய விசிலை வாங்காதே. நான் அதுலதான் ஆரம்பிச்சேன். எச்சி இறங்கி, மழைத்தண்ணி இறங்கி, குண்டு ஒட்டிக்கும். நீ ஊதுவே, வெறும் காத்து வரும். இருபத்திரண்டு பேர் ஓடிக்கிட்டிருக்க, நீ மட்டும் கன்னம் உப்பி நின்னுக்கிட்டிருப்பே. இதே மாதிரி அவமானப்பட்ட கனடா பாஸ்கெட்பால் ரெஃபரி ஒருத்தர்தான் குண்டே இல்லாத ஃபாக்ஸ் 40ஐ 1987ல கொண்டு வந்தார். பெரியமேட்டுல ஸ்டேடியத்துக்கு எதிர்ல இருக்கிற ஸ்போர்ட்ஸ் கடைகள்ல கேளு. போலி நிறைய ஓடுது. கடையிலயே ஊதிப் பாக்க விடமாட்டாங்க, வெளியே வந்து ஊதுனா டிராஃபிக் போலீஸ் திரும்பிப் பாப்பார். என் அனுபவம்.

ஊதுறதுலயும் ஒரு பாஷை இருக்கு. நடு கிரவுண்டு சாதா ஃபவுலுக்கு ஒரு சின்ன 'பிப்'. முரட்டு ஃபவுலுக்கு நீளமா, காது கிழியுற மாதிரி. அந்தச் சத்தத்துலயே கார்டு வரப்போகுதுன்னு பையனுக்குத் தெரிஞ்சிடணும். எல்லாத்துக்கும் ஒரே மாதிரி ஊதுறவனை இடைவேளைக்கு அப்புறம் எவனும் மதிக்கமாட்டான்.

அப்புறம், பேனா கொண்டு போகாதே. வேர்வையில நோட்டு நனைஞ்சிடும், பேனா வழுக்கிக்கிட்டு எழுதாது. பென்சிலைப் பாதியா உடைச்சு ரெண்டு பக்கமும் சீவி வெச்சுக்கோ. மஞ்சள் கார்டு மேல் பாக்கெட், சிவப்பு பின் பாக்கெட். ரெண்டையும் ஒண்ணா வெச்சா ஒரு நாள் மஞ்சளுக்குப் பதிலா சிவப்பைத் தூக்கிக் காட்டிட்டு முழிப்பே.

எழுதுறது லேசுன்னு நெனைக்காதே. 2006 உலகக் கோப்பை, ஸ்டட்கார்ட், குரோஷியா-ஆஸ்திரேலியா. இங்கிலாந்து ரெஃபரி கிரஹாம் போல் குரோஷியாவோட சிமுனிச்சுக்கு மூணு மஞ்சள் கார்டு காட்டினார். ரெண்டாவதுலயே வெளியே போயிருக்கணும். நோட்டுல ஒரு தடவை ஆஸ்திரேலியா வரிசையில எழுதிட்டார். அந்தப் பையன் பொறந்து வளர்ந்தது கான்பெரா, பேச்சு அசல் ஆஸ்திரேலியா. அதோட போல் உலகக் கோப்பை மாதிரி பெரிய சர்வதேச டோர்னமெண்ட்டுக்கே கும்பிடு போட்டார். பெரிய ரெஃபரி. ஒரு பென்சில் கோடு.

10 ஆகஸ்ட்

"உங்க பெரிய தப்பு என்ன?"

எதிர்பாத்தேன், இந்தக் கேள்வி வரும்னு.

2011. வட சென்னையில ஒரு ஏரியா நினைவுக் கோப்பை, ஃபைனல். மண் கிரவுண்டு. சுத்திக் கயிறு கட்டியிருந்தாங்க, ஆனா ஜனம் கயிறுக்கு உள்ள, டச் லைன் மேலயே உக்காந்திருக்கு. சுண்ணாம்புக் கோடு பாதி அழிஞ்சு அவங்க லுங்கியில ஒட்டிடுச்சு. லைன்ஸ்மேன் கோட்டுல ஓட முடியாம கிரவுண்டுக்குள்ள ஓடுறார். ஸ்கோர் 1-1, இன்னும் அஞ்சு நிமிஷம். பச்சை ஜெர்சி ஃபார்வர்டு பாக்ஸுக்குள்ள அடிச்ச பந்து டிஃபெண்டர் கையில பட்டு வெளியே வந்துச்சு. மொத்தக் கூட்டமும் "ஹேண்ட்ஸ்!"னு எழுந்து நின்னுச்சு. நான் ரெண்டு கையையும் விரிச்சு 'ஆடு'ன்னு காட்டிட்டேன். அடுத்த நிமிஷம் அந்தப் பக்கம் கோல். 2-1.

மேட்ச் முடிஞ்சதும் பறந்து வந்த முதல் கல்லு என் தோள்ல விழுந்துச்சு. ஜெயிச்ச டீம்காரங்க கோப்பையைத் தூக்கிட்டு ஓடிட்டாங்க. என்னைச் சுத்தி நின்னு ஆட்டோவுல ஏத்தி விட்டது தோத்த டீமோட கோச். ஆட்டோ கிளம்புறப்போ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "பெனால்டி சார் அது."

இன்னைக்கும் சொல்றேன், அது பெனால்டி இல்ல. அப்போ சட்டம் என்ன? வேணும்னே கையால ஆடினானாங்கிறது மட்டும்தான். கை உடம்பை அசாதாரணமாப் பெருசாக்குச்சான்னு அளக்குற வாசகமெல்லாம் 2019ல வந்தது. அன்னைக்கு அவன் கை உடம்போட ஒட்டி இருந்துச்சு, பந்துதான் கையைத் தேடிப் போச்சு. நான் பாத்தேன்.

ஆக, என் பெரிய தப்பு இது இல்ல. பெரிய தப்பு கடைசி வரைக்கும் ஃபீஸை முன்பணமா வாங்கக் கத்துக்காததுதான்.

10 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழிச்சு

அந்தக் கதையும் வேணுமாம். மூணு நாள் டோர்னமெண்ட், எட்டு மேட்ச் ஊதினேன். "ஃபைனல் முடிஞ்சதும் மொத்தமா வாங்கிக்கோங்க அண்ணே"ன்னாங்க. ஃபைனல் முடிஞ்சுது, மேடையில கூப்பிட்டுப் பொன்னாடை போத்தினாங்க, ஒரு ஷீல்டு குடுத்தாங்க. கீழ இறங்கி வந்தா கணக்குப் பாக்குறவரு ஆள் இல்ல. இன்னைய வரைக்கும் இல்ல. பொன்னாடை எங்க வீட்டு மிக்ஸி மேல இருக்கு. ஷீல்டுல என் பேருக்குப் பக்கத்துல "நடுவர்"னு போடுறதுக்குப் பதிலா "நடுவார்"னு அடிச்சிருந்தாங்க. நாத்து நடுறவன் மாதிரி. அச்சகத்துல வேலை பாக்குறவன் கையில இதைக் குடுத்தா எப்படி இருக்கும்?

14 ஆகஸ்ட்

ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ரெஃபரி ஆனா காசு வருமேன்னு ஒருத்தர். வரும், நான் அந்த உயரத்துக்குப் போனதில்ல. ஆனா இந்த 2025 ஆகஸ்ட் நிலைமையைப் பாரு. ஃபெடரேஷனும் லீகை நடத்துற கம்பெனியும் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் டிசம்பர்ல முடியுது, புதுசு இன்னும் போடல, சீசன் எப்போன்னு யாருக்கும் தெரியல. ரெண்டு தடவை கப்பு அடிச்ச சென்னையின் எஃப்சிக்கே கையில மேட்ச் இல்ல. மேட்ச் இல்லன்னா ஊதுறதுக்கும் ஒண்ணும் இல்ல.

இன்னொருத்தர் பெங்களூரு-கேரளா பிளேஆஃப் (மார்ச் 2023) பஞ்சாயத்தை இழுத்திருக்கார். பெங்களூரோட சேத்ரி ஃப்ரீ கிக்கைச் சட்டுன்னு அடிச்சார், கேரளா இன்னும் சுவரே கட்டல, கோல். ரெஃபரி ஏமாத்திட்டார்னு சொல்லி கேரளா டீம் மொத்தமா வெளிநடப்பு. நாலு கோடி அபராதம், கோச்சுக்குப் பத்து மேட்ச் தடை. சாதாரணமா ஃப்ரீ கிக்குக்கு விசில் தேவை இல்ல சார். "விசிலுக்குக் காத்திரு"ன்னு ரெஃபரி சொல்லியிருந்தா காத்திருக்கணும். சுவர் கட்டுறது டிஃபெண்டரோட உரிமைன்னு நம்ம ஊர்ல எவன் சொல்லிக் குடுத்தான்னு தெரியல. பந்துக்கு முன்னாடி ஒருத்தன் போய் நிக்கிறதே தப்பு. நாம அதைப் பழக்கிவிட்டுட்டோம், அவ்வளவுதான்.

அப்போ ஐஎஸ்எல்லுல வீடியோ ரெஃபரி கிடையாது, அதையும் மனசுல வெச்சுக்கிட்டுப் பேசுங்க.

17 ஆகஸ்ட், ஞாயிறு

தங்கச்சியும் சேரலாமான்னு ஒரு அண்ணன் கேட்டிருக்கார். தாராளமா. திண்டுக்கல் ரூபா தேவி இந்தியாவுக்கு ஆடினவங்க, 2016ல ஃபிஃபாவோட சர்வதேச ரெஃபரி பட்டியலுக்குப் போனாங்க. கத்தாரில 2022ல பிரெஞ்சுக்கார அம்மா ஸ்டெஃபானி ஃப்ராப்பார் ஆம்பளைங்க உலகக் கோப்பை மேட்ச்சையே ஊதினாங்க, கோஸ்டா ரிகா-ஜெர்மனி. தங்கச்சி ஓடுவாங்களான்னு மட்டும் பாருங்க, அண்ணன் கூடவே வந்து கிரவுண்டு ஓரத்துல காவல் நிக்க வேணாம். அது பெரிய தொந்தரவு.

இன்னைக்குக் காலையில எங்க ஏரியா டர்ஃபுல பசங்க ஆடுறதைப் பாத்தேன். 2025 ஜூலையில இருந்து புதுச் சட்டம்: கோல் கீப்பர் கையில பந்தை 8 செகண்டுக்கு மேல வெச்சிருந்தா எதிர் டீமுக்கு கார்னர். கடைசி 5 செகண்டை ரெஃபரி கையைத் தூக்கி விரல் விட்டுக் காட்டணும். முன்னாடி 6 செகண்டு, தண்டனை இன்டைரக்ட் ஃப்ரீ கிக். நான் பதினேழு வருஷத்துல அதைக் குடுத்தது ஒரே தடவை, அதுக்கும் ரெண்டு டீமும் சேர்ந்து என்னைத் திட்டினாங்க. இப்போ டர்ஃபுல பத்து வயசுப் பசங்க எல்லாரும் சேர்ந்து "அஞ்சு! நாலு! மூணு!"ன்னு கத்துறானுங்க. கீப்பர் பையன் பயத்துல பந்தை நேரா எதிராளி கால்லயே உருட்டிட்டான்.

24 ஆகஸ்ட்

இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

பத்தாம் தேதி எழுதின 2011 ஃபைனல். அன்னைக்கு எனக்கு லைன்ல நின்னவர் வெள்ளிக்கிழமை போன் பண்ணார். இப்போ ரிட்டயர் ஆகி மகன் வீட்ல, மாதவரம் பக்கம். அவர் பேரன் இதை அவருக்குப் படிச்சுக் காட்டியிருக்கான்.

"கை உடம்போட ஒட்டி இருந்துச்சுன்னு எழுதியிருக்கியே, நீ எங்க நின்னே?"ன்னார்.

யோசிச்சுப் பாத்தேன். டிஃபெண்டருக்குப் பின்னாடி, ஒரு பதினஞ்சு கஜம். அவன் முதுகைத்தான் பாத்திருக்கேன். கையே என் கண்ணுல பட்டிருக்காது. தோள் அசையுறதைப் பாத்து மீதியை நானே வரைஞ்சிருக்கேன், பதினாலு வருஷமா அதுக்குக் கலர் அடிச்சுக்கிட்டிருக்கேன்.

"முழங்கையை விரிச்சு பந்துக்குப் போனான்பா. நான் கொடியைத் தூக்கினேன். ஆட்டுனேன் கூட."

"நான் பாக்கலையே அண்ணே."

"நீ என்னைப் பாக்கவே இல்ல. அதுக்குள்ள கையை விரிச்சுட்டே. அந்தப் பக்கம் கோலும் விழுந்துச்சு. கொடியைக் கீழ போட்டுட்டேன்."

சும்மா சொல்லக் கூடாது, கோல் விழுந்த பிறகும் வழி இருந்துச்சு. ஆட்டம் திரும்பத் தொடங்கலேன்னா ரெஃபரி தன் முடிவை மாத்திக்கலாம். கிக் ஆஃப் எடுக்கிறதுக்கு முன்னாடி நான் அவர்கிட்ட நடந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்த கோலை ரத்து பண்ணி இந்தப் பக்கம் பெனால்டி குடுத்திருக்கலாம். அவர் கொடியைத் திரும்பத் தூக்கியிருந்தாலும் போதும். ஏன் தூக்கலேன்னு கேட்டேன்.

"முதுகுக்குப் பின்னாடி இருநூறு பேர். நீ ஏற்கெனவே இல்லேன்னுட்டே. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

ஏன் இத்தனை வருஷம் சொல்லலேன்னும் கேட்டேன். "நீ கேக்கலையே"ன்னு அதையேதான் சொன்னார். கோவமே இல்ல. பேரன் ஸ்கூல் டீம்ல ஆடுறானாம், அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசினார்.

26 ஆகஸ்ட்

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் சரி, சரி. ஹோவர்டு வெப்புக்கே 2010 உலகக் கோப்பை ஃபைனல்ல அப்படி ஆச்சேன்னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. நெதர்லாந்தோட டி யோங் காலைத் தூக்கி ஸ்பெயினோட அலோன்சோ நெஞ்சுல உதைச்சது. வெப் மஞ்சள்தான் குடுத்தார், தனக்குச் சரியா தெரியல, சிவப்பு குடுத்திருக்கணும்னு அப்புறம் அவரே சொன்னார். உண்மைதான். ஆனா அவர் தனக்குத் தெரியலைன்னாவது சொன்னார். நான் "பாத்தேன்"னு எழுதினேன், இதே இடத்துல, பதினாறு நாள் முன்னாடி. அந்தப் பதிவை அழிக்கப் போறதில்ல, அப்படியே கிடக்கட்டும்.

அந்த கோச்சைத் தேடலாம்னு நெனச்சேன். பேர் கூடத் தெரியாது. பச்சை ஜெர்சி, முன்பல் ஒண்ணு இல்ல, அவ்வளவுதான் ஞாபகம். ஜெர்சி பச்சைதானாங்கிறதும் இப்போ சந்தேகமா இருக்கு.

7 செப்டம்பர், ஞாயிறு

தம்பி வகுப்புக்குப் பேர் குடுத்துட்டானாம். அப்பாவுக்காக வங்கித் தேர்வுக்கும் படிக்கிறானாம். ரெண்டும் ஓடட்டும்.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கண்ணப்பர் திடல் வந்துடு. அண்டர்-13 பசங்க பிராக்டிஸ் மேட்ச். விசில் நான் வெச்சுக்கிறேன். உனக்குக் கொடி. மாதவரம் அண்ணனும் வரேன்னு சொல்லியிருக்கார், அவர் பேரன் ஆடுறான். எதிர் லைன்ல அவரே நிக்கிறாராம், அறுபத்து நாலு வயசுல. ஓட மாட்டார், நடப்பார்னு பசங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெக்கணும்.

ஷூ கருப்பா இருந்தா போதும். காலையில சாப்பிட்டுட்டு வராதே.